செயலியில் பொத்தான் வேலை செய்யவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயலியில் ஒரு பொத்தானை அழுத்துகிறோம். பிழைச் செய்தி வரவில்லை, பக்கம் மாறவில்லை, எந்த அசைவும் இல்லை. இந்த நிலையில் பலரும் உடனே செயலியை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவுகிறார்கள். சில நேரம் அது பலிக்கும். பல நேரம் பாதியில் நின்ற படிவமும் சேமித்த விவரங்களும் தொலைந்து, பொத்தான் மட்டும் பழையபடியே நிற்கும். தடை எந்த இடத்தில் என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால் இவ்வளவு இழப்பு தேவைப்படாது. அதைக் கண்டுபிடிக்கத் தொழில்நுட்ப அறிவும் வேண்டியதில்லை, உற்றுப் பார்த்தால் போதும்.

பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

விரல் பட்டவுடன் பொத்தானில் சிறு மாற்றமாவது தெரிகிறதா என்று பாருங்கள். நிறம் ஒரு கணம் அடர்த்தியாகலாம். ஆண்ட்ராய்டில் விரல் பட்ட இடத்திலிருந்து வட்டமாக ஓர் அலை பரவலாம். ஐபோனில் எழுத்து சற்று மங்கி மீளலாம். இப்படி ஏதாவது தெரிந்தால் உங்கள் தொடுதல் பொத்தானைச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நடக்க வேண்டிய வேலையில்தான் கோளாறு: இணையம், அனுமதி, சர்வர் (செயலிக்குத் தொலைவிலிருந்து பதில் தரும் கணினி) அல்லது செயலியின் நிரல்.

மாற்றமே தெரியவில்லை என்றால் இரண்டு வாய்ப்புகள் உண்டு. தொடுதல் பொத்தானை எட்டாமல் வழியிலேயே நின்றுவிட்டது, அல்லது எட்டியும் பொத்தான் அதை ஏற்க மறுக்கிறது. அதே திரையில் உள்ள வேறு பொத்தான்களை அழுத்திப் பாருங்கள், பக்கத்தை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். மற்றவை எல்லாம் ஒழுங்காக இயங்கினால் சிக்கல் அந்த ஒரு பொத்தானைச் சுற்றியது. எதுவுமே இயங்கவில்லை என்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

அழுத்தியதும் மாற்றம் காட்டாத வகையிலேயே சில செயலிகளை வடிவமைத்திருக்கிறார்கள். அவற்றில் இந்தச் சோதனை முழுமையாக உதவாது. அதே செயலியில் ஒழுங்காக வேலை செய்யும் வேறொரு பொத்தான் எப்படி நடந்துகொள்கிறது என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரை முழுவதும் உறைந்து நிற்கிறது. காத்திருக்கலாமா, மூடிவிடலாமா?

சிறிது நேரம் காத்திருங்கள். செயலியின் திரையை வரைவதும் தொடுதலைக் கவனிப்பதும் ஒரே வேலைத்தொடரில் நடக்கின்றன. அங்கே கனமான வேலை ஒன்று சிக்கிக்கொண்டால் தொடுதல்கள் வரிசையில் காத்து நிற்கும். ஆண்ட்ராய்டில் 5 விநாடிகளுக்குத் தொடுதலுக்குப் பதில் வராவிட்டால் 'செயலி பதிலளிக்கவில்லை' என்று இயங்குதளமே அறிவித்து, காத்திருப்பதா மூடுவதா என்று கேட்கும். ஐபோனில் இப்படியொரு கேள்வி வராது. செயலி உறைந்து நிற்கும், அல்லது தானாகவே மூடிக்கொள்ளும்.

உறைந்திருக்கும்போது திரும்பத் திரும்பத் தட்ட வேண்டாம். தட்டியவை எல்லாம் வரிசையில் சேர்ந்து, செயலி விழித்தவுடன் ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்படக்கூடும். நீங்கள் நினைக்காத பக்கம் திறப்பதும், ஒரே செய்தி இரண்டு முறை போவதும் இதனால்தான்.

மூடுவது என்று முடிவெடுத்தால் முழுமையாக மூடுங்கள். முகப்புத் திரைக்கு வருவது மூடுவது ஆகாது. ஐபோனில் திரையின் அடியிலிருந்து மேலே இழுத்து நடுவில் நிறுத்தினால் திறந்திருக்கும் செயலிகள் வரிசையாகத் தெரியும். முகப்புப் பொத்தான் உள்ள பழைய மாடலில் அதை இரண்டு முறை அழுத்தினால் அதே வரிசை வரும். உறைந்த செயலியை அங்கே மேல்நோக்கித் தள்ளிவிடுங்கள். ஆண்ட்ராய்டில் செயலியின் சின்னத்தை நீண்ட நேரம் அழுத்தி, அதன் தகவல் பக்கத்துக்குப் போய், 'ஃபோர்ஸ் ஸ்டாப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அந்த ஒரு பொத்தான் மட்டும் மங்கலாக இருக்கிறது. பழுதா?

பெரும்பாலும் இல்லை. செயலி வேண்டுமென்றே அதைப் பூட்டி வைத்திருக்கிறது. நீங்கள் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனை ஏதோ ஒன்று மிச்சமிருக்கிறது. அது என்னவென்று சொல்லாமல் பொத்தானை மட்டும் மங்க வைப்பது மோசமான வடிவமைப்பு என்பது என் உறுதியான கருத்து. படிவத்தில் என்ன குறை என்று செயலிக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் விட்டால், அவசரத்தில் இருப்பவரும் வயதானவரும் தங்களிடம்தான் தவறு இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள்.

எங்கெல்லாம் தேடலாம்? மேலே போய்ப் படிவத்தை முதலிலிருந்து பாருங்கள். கட்டாயமான ஒரு கட்டம் திரைக்கு வெளியே இருந்திருக்கலாம். தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியிருந்தால் அதன் முன்னாலோ பின்னாலோ ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அந்த ஓர் இடைவெளியே எண்ணைத் தவறானதாக்கப் போதும், அதனால் கையால் தட்டச்சு செய்து பாருங்கள். விசைப்பலகை தானாக நிரப்பிய விவரங்களைச் சில செயலிகள் கவனிப்பதே இல்லை. அந்தக் கட்டத்தில் ஓர் எழுத்தை அழித்து மறுபடியும் இட்டால் பொத்தான் உயிர்பெறுவது உண்டு. விதிமுறைகள் பக்கத்தைக் கடைசி வரி வரை நகர்த்தினால்தான் 'ஏற்கிறேன்' திறக்கும்படி செய்தவர்களும் இருக்கிறார்கள். தேதியைத் தட்டச்சு செய்யாமல் நாள்காட்டியிலிருந்து தேர்வு செய்ய வேண்டியிருக்கலாம். தமிழ் விசைப்பலகையிலிருந்து தமிழ் எண் குறிகளை இட்டிருந்தால் அவற்றை எண்களாக ஏற்காத செயலிகளும் உண்டு.

குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டை 'மீண்டும் அனுப்பு' என்ற பொத்தான் குறிப்பிட்ட நேரம் பூட்டியே இருக்கும். பக்கத்தில் விநாடிகள் குறைந்துகொண்டு வருகின்றனவா என்று பாருங்கள்.

பொத்தான் தெளிவாகத்தான் தெரிகிறது. ஆனாலும் தொட்டால் அசைவே இல்லையே?

இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். பொத்தானுக்கு மேல் வேறு ஏதோ ஒன்று படர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒளிபுகும் கண்ணாடியைப் போல, அடியில் இருப்பது தெரியும், விரல் மட்டும் போய்ச் சேராது.

அந்தப் படலம் பெரும்பாலும் வேறொரு செயலியுடையது. இரவில் திரையை மஞ்சளாக்கும் செயலி, மிதக்கும் அரட்டைக் குமிழ், திரையைப் பதிவு செய்யும் கருவி, அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலி ஆகியவை மற்ற செயலிகளின் மேல் வரைய அனுமதி பெற்றவை. பணமும் கடவுச்சொல்லும் புழங்கும் செயலிகள் இப்படி எதுவாவது தம்மேல் இருப்பதைக் கண்டால் தொடுதலை வேண்டுமென்றே புறக்கணிக்கும். காரணம் நியாயமானது: போலித் திரை ஒன்றை மேலே விரித்து, நீங்கள் அறியாமல் அடியிலுள்ள 'சம்மதம்' பொத்தானை அழுத்த வைக்கும் ஏமாற்று வேலை உண்டு. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இல் அனுமதி கேட்கும் பெட்டி இதே காரணத்தால் முடங்கி, திரைமேல் படலம் இருப்பதாக எச்சரித்தது பலருக்கு நினைவிருக்கும். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், வேறொரு செயலியின் அடர்ந்த படலத்தைக் கடந்து வரும் தொடுதலை இயங்குதளமே தடுத்துவிடுகிறது.

அமைப்புகளில் சிறப்பு அனுமதிகள் பகுதிக்குள் போனால், மற்ற செயலிகளின் மேல் தோன்ற அனுமதி பெற்றவற்றின் பட்டியல் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எதை அணைத்தபோது பொத்தான் இயங்கியதோ அதுதான் தடை. அந்தப் பட்டியலில் உங்களுக்கு அடையாளம் தெரியாத செயலி ஏதாவது இருந்தால், பொத்தான் பிரச்சினை தீர்ந்த பிறகும் அதற்கு அந்த அனுமதியைத் திருப்பித் தர வேண்டாம்.

ஐபோனில் ஒரு செயலி மற்றொன்றின் மேல் இப்படி வரைய முடியாது. அங்கே படலம் இருந்தால் அது அதே செயலியின் உள்ளேயிருந்து வந்ததுதான்: மூடப்படாத விளம்பரம், பாதி மறைந்த அறிமுக வழிகாட்டி, முடிந்தும் விலகாத காத்திருப்புத் திரை. செயலியை முழுமையாக மூடித் திறந்தால் இவை விலகும்.

கோளாறு செயலியிலா, தொடுதிரையிலா என்று எப்படி உறுதி செய்வது?

கைபேசியைப் படுக்கைவாக்கில் திருப்புங்கள். திரை திரும்பும்போது பொத்தான் வேறு இடத்துக்குப் போகும். புதிய இடத்தில் அது இயங்கினால், பழைய இடத்தில் திரையின் அந்தப் பகுதி தொடுதலை உணரவில்லை என்று பொருள். திரும்பாத செயலியாக இருந்தால், முகப்புத் திரையில் ஏதாவது ஒரு சின்னத்தைப் பிடித்து இழுத்தபடி திரை முழுவதும் உலவ விடுங்கள். ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் சின்னம் நழுவி விழுந்தால் அங்கே பழுது.

ஆண்ட்ராய்டில் இதைவிடத் துல்லியமான வழி ஒன்று இருக்கிறது. அமைப்புகளில் கைபேசியைப் பற்றிய பக்கத்தில் உள்ள 'பில்ட் நம்பர்' வரியை 7 முறை தட்டினால் டெவலப்பர் விருப்பங்கள் திறக்கும். சில மாடல்களில் அந்த வரி மென்பொருள் தகவல் என்ற உட்பக்கத்தில் இருக்கும். டெவலப்பர் விருப்பங்களில் 'பாயிண்டர் லொகேஷன்' என்பதை இயக்கினால் விரல் போகும் பாதை கோடாகத் தெரியும். பொத்தானின் மேல் கோடு விழுகிறது, பொத்தான் அசையவில்லை என்றால் திரை நலமாக இருக்கிறது, குற்றம் செயலியுடையது. சோதித்த பிறகு அதை அணைத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தில் உள்ள மற்ற விருப்பங்களைத் தொட வேண்டாம்.

இன்றைய தொடுதிரைகள் விரலால் ஏற்படும் சிறு மின்தேக்க மாற்றத்தை அளந்தே தொடுதலை அறிகின்றன. ஈரக் கை, நீர்த்துளி, தடித்த பாதுகாப்புக் கண்ணாடி, சாதாரணக் கையுறை ஆகியவை அந்த அளவைக் குழப்பும். தரமில்லாத சார்ஜர் மின்னிரைச்சலைக் கலப்பதால், சார்ஜில் இருக்கும்போது மட்டும் திரை தாறுமாறாக நடந்துகொள்வதும் உண்டு. சார்ஜரைக் கழற்றிவிட்டு, திரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டியவர்களுக்காகத் தொடு உணர்திறனைக் கூட்டும் வசதி சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் உள்ளது.

பொத்தான் பாதிதான் தெரிகிறது, அல்லது கீழே எங்கோ மறைந்துவிடுகிறது. என்ன செய்வது?

எழுத்தின் அளவைப் பெரிதாக வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். எழுத்து பெரிதாகும்போது பொத்தான் கீழே தள்ளப்பட்டு, பக்கமும் நகராவிட்டால் எட்டாத இடத்துக்குப் போய்விடும். எழுத்தின் அளவைத் தற்காலிகமாகக் குறைத்து வேலையை முடித்துக்கொள்ளலாம். பெரிய எழுத்து இல்லாமல் படிக்க முடியாதவருக்கு இது தீர்வே இல்லை. அப்படியானால் செயலியின் உதவிக் குழுவுக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

விசைப்பலகை மூடிக்கொண்டிருந்தால் ஆண்ட்ராய்டில் பின்செல்லும் சைகையால் அதை இறக்கலாம். ஐபோனில் பக்கத்தை மெல்லக் கீழே இழுத்தோ வெற்றிடத்தைத் தட்டியோ பாருங்கள்.

இன்னொரு புதிய காரணமும் சேர்ந்திருக்கிறது. 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15இல், அந்தப் பதிப்புக்கென்று தயாரான செயலிகள் திரையின் விளிம்பு முதல் விளிம்பு வரை விரிகின்றன. இதற்கு ஏற்ப இடம் விட்டு வடிவமைக்காத செயலியில், கடைசி வரியிலுள்ள பொத்தான் கைபேசியின் வழிசெலுத்தும் பட்டைக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். அமைப்புகளில் மூன்று பொத்தான் முறையிலிருந்து சைகை முறைக்கு மாறினால் பட்டை மெலிந்து, பொத்தானைத் தொடும் அளவுக்கு இடம் கிடைக்கும்.

ஒருமுறை தொட்டால் பொத்தானைச் சுற்றி ஒரு கட்டம் மட்டும் வருகிறது. ஏன்?

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான திரைவாசிப்பான் இயங்குகிறது. ஆண்ட்ராய்டில் அதன் பெயர் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். அது இயங்கும்போது ஒருமுறை தட்டினால் தேர்வு மட்டும் ஆகும். திரையில் எங்காவது இருமுறை தட்டினால்தான் பொத்தான் அழுந்தும். தெரியாமல் இயங்கிவிட்டது என்றால், இதே முறையில் தட்டித் தட்டி அமைப்புகளுக்குள் போய் அணைக்கலாம். ஒலியளவுப் பொத்தான்கள் இரண்டையும் 3 விநாடி சேர்த்து அழுத்தினால் அணையும்படி குறுக்குவழி அமைந்த ஆண்ட்ராய்டு கைபேசிகளும் உண்டு. ஐபோனில் வாய்ஸ்ஓவரை அணைக்கும்படி சிரியிடம் சொல்லலாம்.

கை நடுக்கம் உள்ளவர்களுக்கான வசதிகளும் இதேபோலக் குழப்பக்கூடும். ஐபோனின் அணுகல்தன்மை அமைப்புகளில் 'டச் அக்காமடேஷன்ஸ்' இயக்கத்தில் இருந்தால், குறிப்பிட்ட நேரம் விரலை வைத்திருந்தால்தான் தொடுதல் ஏற்கப்படும், அடுத்தடுத்த தட்டல்கள் புறக்கணிக்கப்படும். தேவைப்படுபவருக்கு அது பெரும் துணை. தேவையில்லாதவர் கைபேசியில் தவறுதலாக இயங்கினால் எல்லாப் பொத்தான்களும் செத்துவிட்டதுபோலத் தோன்றும்.

அழுத்தியதும் ஒரு வட்டம் சுழல்கிறது. அதோடு நின்றுவிடுகிறது.

தொடுதல் ஏற்கப்பட்டுவிட்டது, சர்வரிலிருந்து பதில்தான் வரவில்லை. இணையக் குறி முழுதாகக் காட்டுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். பொது இடத்து வைஃபையில் ஓர் உள்நுழைவுப் பக்கத்தைக் கடந்தால்தான் உண்மையான இணையம் கிடைக்கும். உலாவியில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள், பிறகு வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள். விபிஎன் (இணைய இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் வசதி) இருந்தால் அணையுங்கள். தளப் பெயர்களுக்கு உரிய இணைய முகவரியைத் தேடித் தரும் சேவையைத் தேர்ந்தெடுக்க, 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள 'பிரைவேட் டிஎன்எஸ்' வசதியில் விளம்பரத் தடுப்பு முகவரி ஏதாவது இட்டிருந்தால் அதையும் தற்காலிகமாக நிறுத்துங்கள். விளம்பரத்தோடு சேர்த்துச் செயலிக்குத் தேவையான முகவரியையும் அது தடுத்திருக்கலாம்.

கைபேசியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். செயலிக்கும் சர்வருக்கும் இடையிலான பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கைபேசியின் தேதி வெகுவாகத் தவறியிருந்தால் சான்றிதழ் செல்லாது என்று கருதி இணைப்பு முறிக்கப்படும், பல செயலிகள் இதை வெளியே சொல்வதும் இல்லை. தானியங்கி நேரத்தை இயக்கினால் போதும்.

பணம் செலுத்தும் பொத்தான் பதில் தரவில்லை. மறுபடியும் அழுத்தலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கோரிக்கை சர்வரைச் சேர்ந்து பணமும் பிடிக்கப்பட்டு, 'முடிந்தது' என்ற பதில் மட்டும் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். நல்ல செயலிகள் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் பணத்தை மறுபடியும் பிடிக்காமல் பார்த்துக்கொள்கின்றன. உங்கள் செயலி அப்படிப்பட்டதா என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை.

முதலில் பரிவர்த்தனை வரலாற்றைத் திறந்து பாருங்கள், வங்கியிலிருந்து குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வந்ததா என்று பாருங்கள், வங்கிக் கணக்கையும் சரிபாருங்கள். 'நிலுவையில்' என்று காட்டினால் அது முடிவாகும்வரை பொறுங்கள். பணம் போகவில்லை என்பது உறுதியான பிறகே செயலியை மூடித் திறந்து புதிதாகத் தொடங்குங்கள். எதுவும் தெளிவாகவில்லை என்றால் திரையைப் படம் பிடித்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, வங்கியைத் தொடர்புகொள்ளுங்கள். வங்கியின் எண்ணை இணையத் தேடலில் எடுக்காதீர்கள். அட்டையின் பின்புறம் அல்லது வங்கியின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணே நம்பத்தக்கது.

கேமரா, மைக், இருப்பிடம் சார்ந்த பொத்தான்கள் மட்டும் இயங்கவில்லை.

அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது. 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரே அனுமதியை இரண்டு முறை மறுத்தால் இயங்குதளம் அந்தக் கேள்வியை மறுபடியும் காட்டாது. ஐபோனில் கேமராவுக்கும் மைக்குக்கும் கேள்வி ஒரே ஒரு முறைதான் வரும். அதன் பிறகு பொத்தான் அனுமதி கேட்கும், இயங்குதளம் மௌனமாக மறுக்கும், உங்கள் கண்ணுக்கு எதுவும் நடக்காததுபோலத் தெரியும். அமைப்புகளில் அந்தச் செயலியின் பக்கத்தைத் திறந்து அனுமதியைக் கையால் இயக்குங்கள். 'பதிவிறக்கு', 'படம் சேமி' போன்றவை நின்றுபோனால் கைபேசியில் இடம் மிச்சமிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

செயலிக்குள் திறக்கும் இணையப் பக்கங்களில் மட்டும் பொத்தான்கள் செத்துக் கிடக்கின்றன.

ஆண்ட்ராய்டு செயலிகளுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டுவது 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்ற தனி உறுப்பு. அது பழையதாகவோ பழுதாகவோ இருந்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல செயலிகள் ஒரே நேரத்தில் தடுமாறும். 2021 மார்ச்சில் அதன் புதுப்பிப்பு ஒன்றில் கோளாறு நுழைந்து, உலகெங்கும் பல செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. வெப்வியூவையும் குரோமையும் புதுப்பித்த பிறகே நிலைமை சீரானது. செயலிக் கடையில் இந்த இரண்டையும் புதுப்பியுங்கள். அல்லது அந்தப் பக்கத்தை உலாவியில் திறக்கும் வாய்ப்பு இருந்தால் அங்கே வேலையை முடியுங்கள்.

தற்காலிகச் சேமிப்பை அழிப்பது, தரவை அழிப்பது, நீக்கி நிறுவுவது: மூன்றும் ஒன்றுதானா?

இல்லை, இழப்பின் அளவு வேறுபடும். ஆண்ட்ராய்டில் 'கிளியர் கேச்' என்பது செயலி மறுபடியும் உருவாக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிக்கும். அதைத் தயங்காமல் செய்யலாம். 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்' என்பது செயலியைப் புதிதாக நிறுவிய நிலைக்குக் கொண்டுபோகும். நீங்கள் வெளியேற்றப்படுவீர்கள், சர்வருக்குப் போகாத வரைவுகளும் பதிவுகளும் அழியும். நீக்கி நிறுவுவதும் ஏறக்குறைய இதே விளைவைத்தான் தரும்.

ஐபோனில் எல்லாச் செயலிக்கும் பொதுவான தற்காலிகச் சேமிப்பை அழிக்கும் பொத்தான் கிடையாது. 2017இல் ஐஓஎஸ் 11இல் வந்த 'ஆஃப்லோடு' வசதி செயலியை மட்டும் நீக்கி, ஆவணங்களையும் தரவையும் விட்டுவைக்கும். முழுதாக நீக்கும் முன் அதை முயன்று பாருங்கள். எந்தக் கைபேசியானாலும், கடவுச்சொல் கையில் இருக்கிறதா, உள்நுழைவுக் குறியீடு வரும் எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்று பார்க்காமல் நீக்காதீர்கள். இருபடிச் சரிபார்ப்புக் குறியீடுகளை உருவாக்கும் செயலியாக இருந்தால், காப்புப்பிரதி இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

நேற்றுவரை வேலை செய்தது. புதுப்பித்த பிறகு நின்றுவிட்டது.

புதிய பதிப்பில் பிழை வந்திருக்கலாம். செயலிக் கடையில் அண்மைய விமர்சனங்களைத் தேதிவாரியாகப் பாருங்கள், அதே பொத்தானைப் பற்றி மற்றவர்களும் எழுதியிருந்தால் நீங்கள் செய்ய வேண்டியது காத்திருப்பதுதான். உங்கள் நண்பருக்கு இயங்குவது உங்களுக்கு இயங்காததற்கும் காரணம் உண்டு: புதிய பதிப்பைப் பயனர்களில் ஒரு பகுதியினருக்கு முதலில் தந்து, படிப்படியாக விரிவாக்குவது வழக்கம். ஆப் ஸ்டோரில் இந்தப் படிநிலை 7 நாள் நீளும். சோதனைப் பயனராகச் சேர்ந்திருந்தால் அதிலிருந்து விலகுங்கள்.

பழைய பதிப்பை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி நிறுவும் யோசனையைப் பலர் சொல்வார்கள். முகம் தெரியாதவர் மாற்றிக் கட்டிய செயலியை, அதுவும் பணம் புழங்கும் கைபேசியில், நிறுவக் கூடாது. இதன் மறுபக்கமும் உண்டு: வெகுநாளாகப் புதுப்பிக்காத செயலியின் பொத்தான்கள், சர்வர் மாறிவிட்டதால் செயலிழந்துபோகும். அப்போது புதுப்பிப்பதே மருந்து.

உதவிக் குழுவுக்கு எழுதினால் 'மூடித் திறந்து பாருங்கள்' என்று மட்டுமே பதில் வருகிறது. எப்படி எழுதினால் கவனிப்பார்கள்?

'பொத்தான் வேலை செய்யவில்லை' என்ற மூன்று சொற்களை வைத்து யாராலும் எதையும் தேட முடியாது. அவர்கள் தங்கள் கைபேசியில் அதே கோளாறை உண்டாக்கிப் பார்க்கும் அளவுக்கு விவரம் தேவை. இப்படி எழுதலாம்:

'செயலியின் பதிப்பு எண் இது, கைபேசி மாடல் இது, ஆண்ட்ராய்டு 14. முகவரி மாற்றும் பக்கத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிய பிறகு "சேமி" பொத்தானை அழுத்தினால் நிறம் மாறி மீள்கிறது. பக்கம் அப்படியே நிற்கிறது. வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் இதே நிலை. தற்காலிகச் சேமிப்பை அழித்தும் மாறவில்லை. அஞ்சல் குறியீட்டை மாற்றாமல் விட்டால் சேமிக்கிறது. மாற்றினால் மட்டும் இந்தச் சிக்கல்.'

கடைசி வாக்கியம்தான் பொன். எப்போது இயங்குகிறது, எப்போது இயங்கவில்லை என்ற வேறுபாட்டைச் சொல்லிவிட்டால் நிரலாளர் நேராக அந்த இடத்துக்குப் போய்விடுவார். திரைப்பதிவும் சேர்த்தால் நல்லது. அதில் கடவுச்சொல், கணக்கு எண் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் செயலி உருவாக்குகிறேன். என் பொத்தான் சிலருக்கு மட்டும் இயங்கவில்லை. எங்கே தொடங்குவது?

நிரலில் நான் முதலில் தேடச் சொல்வது, இருமுறை அழுத்துவதைத் தடுக்க வைத்த கொடியை, அதாவது நிலையைக் குறித்து வைக்கும் மாறியை. அழுத்தியதும் 'வேலை நடக்கிறது' என்று கொடியை ஏற்றுவீர்கள், வெற்றி வந்ததும் இறக்குவீர்கள். இணையம் அறுந்து பிழை வந்தால் இறக்குகிறீர்களா? மறந்திருந்தால், ஒரே ஒரு தோல்விக்குப் பிறகு அந்தப் பொத்தான் செயலியை மூடும்வரை இயங்காது. நல்ல இணையம் உள்ள உங்கள் மேசையில் இது ஒருபோதும் வெளிப்படாது. விமானப் பயன்முறையை இயக்கி அழுத்துங்கள், பிறகு அணைத்து மறுபடியும் அழுத்துங்கள். பிழையைப் பிடித்துவிட்டு எதுவும் செய்யாமல் விடும் வெற்றுப் பகுதிகளையும் அதே கையோடு தேடி ஒழித்துவிடுங்கள்.

அடுத்து அடுக்குகள். கண்ணுக்குத் தெரியாத காட்சி (திரையில் வரையப்படும் ஓர் உறுப்பு) ஒன்று மேலே விரிந்திருக்கிறதா என்று அடுக்குகளைக் காட்டும் கருவியில் பாருங்கள். தன்னை உள்ளடக்கிய பெற்றோர்க் காட்சியின் எல்லைக்கு வெளியே நீண்டிருக்கும் பொத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இயல்பாக அந்த வெளிப்பகுதிக்குத் தொடுதல் வராது. ஐஓஎஸ்ஸில் ஒளிபுகாமை 0.01க்குக் கீழே போன காட்சியும், பயனர் தொடுதல் அணைக்கப்பட்ட பெற்றோருக்குள் இருக்கும் காட்சியும் தொடுதலைப் பெறா. செயலி உருவாக்கும் கருவியான ஃபிளட்டரில் அழுத்தும்போது செய்ய வேண்டிய வேலை எதுவும் தரப்படாமல் null ஆக இருந்தால் பொத்தான் தானாகவே பூட்டிக்கொள்ளும்.

வெப்வியூ சார்ந்த செயலியில் அழுத்தம் தாமதமாகத் தெரிந்தால், இருமுறை தட்டிப் பெரிதாக்கும் சைகைக்காக உலாவி காத்திருந்த சுமார் 300 மில்லி விநாடியை நினைவுகூருங்கள். திரை அகலத்தைச் சரியாக அறிவித்த பக்கங்களுக்கு 2014இல் குரோமும், 2016இல் ஐஓஎஸ் 9.3இன் வெப்வியூவும் அந்தக் காத்திருப்பை விலக்கிவிட்டன. அந்த அறிவிப்பு உங்கள் பக்கத்தில் விடுபட்டிருக்கலாம்.

பொத்தானின் அளவையும் பாருங்கள். ஆப்பிள் 44 பாயிண்ட், ஆண்ட்ராய்டு 48 டிபி (இரண்டும் திரையின் பிக்சல் அடர்த்தியைச் சாராத அலகுகள்) என்று நீள அகலத்தைப் பரிந்துரைக்கின்றன. 48 டிபி என்பது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். 2023இல் வெளியான இணைய அணுகல்தன்மை வழிகாட்டி 2.2 வைக்கும் குறைந்தபட்சம் 24 சிஎஸ்எஸ் பிக்சல் (இணையப் பக்க அளவுகளுக்கான அலகு). அதை அடைந்துவிட்டோம் என்று நிறுத்திக்கொள்ள வேண்டாம், கட்டைவிரலுக்கு அது சிறியது. அழுத்திய 0.1 விநாடிக்குள் ஏதாவது ஒரு மாற்றம் தெரிந்தால்தான் தன் விரலுக்கே பதில் வந்ததாக மனிதர் உணர்கிறார். சர்வர் எவ்வளவு தாமதித்தாலும் அந்த முதல் அசைவைத் தாமதிக்க விடாதீர்கள். மங்கலான பொத்தானை விட, எப்போதும் அழுத்தக்கூடியதாக இருந்து, குறையிருந்தால் எந்தக் கட்டத்தில் என்று காட்டும் பொத்தானையே வையுங்கள்.

எல்லாம் பார்த்துவிட்டேன், இன்றே வேலை முடிந்தாக வேண்டும். வழி உண்டா?

அதே சேவைக்கு இணையதளம் இருந்தால் உலாவியில் உள்நுழையுங்கள். கைபேசி உலாவியில் கணினிக்கான பக்கத்தைக் கேட்கும் வசதியையும் பயன்படுத்தலாம். நம்பிக்கைக்குரியவரின் கைபேசியில் உள்நுழைந்தால் வேலை முடிந்ததும் வெளியேறுங்கள், கடவுச்சொல்லைச் சேமிக்கச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். கெடு தேதி உள்ள விண்ணப்பம் என்றால், பொத்தான் இயங்காத திரையைத் தேதியும் நேரமும் தெரியும்படி படம் பிடித்து, கெடு முடிவதற்கு முன்பே உரிய அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள்.